தம்பிக்கு இடம் இல்லையா?

அழைப்பு வந்துவிட்டது! ஐந்து ஆண்டுகளாக எதிர்பார்த்த அழைப்பு!

கனடா நாட்டில், டொராண்டோ நகரில் வேலை பார்க்கும் மூத்த மகன் உடனே ஊருக்குப் போன் செய்தான். ஊர், தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சிற்றூர். அம்மாதான் எடுத்தார்.

"அம்மா! உங்களையும் அப்பாவையும் இங்கேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ள மனுப் போடலாம் என்று சர்க்கார் எழுதியிருக்கிறது. 60 நாளைக்குள் போட வேண்டும்."

அம்மாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆனால் அடுத்த கேள்வி உடனே வந்தது.

"தம்பியும் வரலாம் அல்லவா?"

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே இல்லை.

"தம்பிக்கு 22 வயது ஆகிவிட்டதே, அம்மா. மார்ச் மாதமே ஆகிவிட்டது."

அழைப்பு வந்தது 2025 ஜூலைக் கடைசியில். நான்கே மாத வித்தியாசம்! அந்த நான்கு மாதம் ஒரு வீட்டை இரண்டாகப் பிரித்துவிட்டது.

"அப்படியானால் இவனை யார் கையில் ஒப்படைத்துவிட்டு வருவது?" என்று அம்மா கேட்டார். மூத்தவனிடம் பதில் இல்லை.

இந்த வீடு ஓர் உதாரணம்தான். ஆனால் பெற்றோரைக் கனடாவுக்கு அழைக்க நினைக்கும் எந்தக் குடும்பத்திலும் ஒரு கடைக்குட்டி இருந்தால், இதே பேச்சு நடக்கக்கூடும். ஆகவே அந்த நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது, அதில் நியாயம் எவ்வளவு, அநியாயம் எவ்வளவு என்று பார்ப்பது நல்லது.

22-வது பிறந்த நாள்

கனடாவில் குடியுரிமையோ, நிரந்தரமாக வசிக்கும் உரிமையோ பெற்றவர், தம் தாய் தந்தையரை அங்கே அழைத்துக்கொள்ளலாம். இதற்கு 'ஸ்பான்சர்' செய்வது என்று பெயர்.

சும்மா அழைத்துவிட முடியாது. மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கைக் காட்ட வேண்டும். குடும்பத்தில் எத்தனை தலை இருக்கிறதோ அதற்குத் தக்கபடி வருமானம் இருக்க வேண்டும். "20 ஆண்டு காலத்துக்கு இவர்களுடைய செலவுக்கு நானே பொறுப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். (கியூபெக் மாகாணத்தில் மட்டும் 10 ஆண்டு.)

பெற்றோருடன் அவர்களைச் சார்ந்திருக்கும் பிள்ளைகளும் போகலாம். அதாவது, அழைக்கிற மகனுடைய தம்பி தங்கையர். ஆனால், 'சார்ந்திருக்கும் பிள்ளை' என்றால் யார்? இங்கேதான் சட்டமும் குடும்பமும் வேறு வேறு மொழி பேசுகின்றன.

நம் வீடுகளில் வேலை கிடைத்து, கல்யாணம் ஆகும் வரையில் பிள்ளை பெற்றோரைச் சார்ந்தவன்தான். சில வீடுகளில் அதற்குப் பிறகும்! கனடாச் சட்டத்துக்கு அந்தக் கணக்குத் தெரியாது. 22 வயது நிரம்பாதவனாக இருக்க வேண்டும். திருமணம் ஆகாதவனாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். உடற்குறையாலோ மனநலக் குறையாலோ சொந்தக் காலில் நிற்க முடியாமல், 22 வயதுக்கு முன்பிருந்தே பெற்றோரின் ஆதரவில் இருந்துவரும் பிள்ளைக்கு மட்டும் வயது வரம்பு கிடையாது.

இந்த 22 என்ற எண்ணும் ஒரே நிலையில் நின்றதில்லை. 2014 ஆகஸ்ட் 1-ந் தேதி அதை 19 ஆகக் குறைத்தார்கள். குடும்பங்கள் கூச்சல் போட்டன. 2017 அக்டோபர் 24-ந் தேதி மறுபடியும் 22 ஆக்கினார்கள். 2014-க்கு முன்பு, 22 வயதைத் தாண்டியும் கல்லூரியில் முழு நேரம் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குச் சலுகை இருந்தது. அந்தச் சலுகை போனது போனதுதான். திரும்பி வரவில்லை.

சரி, எந்தத் தேதியில் வயதைப் பார்ப்பார்கள்? விமானம் ஏறும் நாளிலா? இல்லை. எல்லாத் தாள்களும் சேர்ந்த முழு மனு அதிகாரிகள் கைக்குப் போய்ச் சேர்ந்த நாளில். அன்று 22 நிரம்பவில்லை என்றால், பிறகு மனு ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும், பையனுக்கு 24 வயதே ஆனாலும் கவலை இல்லை. வயது அன்றே பூட்டப்பட்டுவிடுகிறது.

இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? மனுப் போட்ட நாளிலேயே வயதைப் பூட்டுவது நல்ல ஏற்பாடுதானே என்று கேட்கலாம். மனுப் போட விட்டால் அல்லவா!

குலுக்கல்

நினைத்த நாளில் இந்த மனுவைப் போட முடியாது. பெற்றோரை அழைக்க விரும்புவோர் ஏராளம், இடமோ கொஞ்சம். ஆகவே சர்க்கார் வாசலில் ஒரு கதவு வைத்திருக்கிறது. அந்தக் கதவு எப்போது திறக்கும், எப்படித் திறக்கும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறி வந்திருக்கிறது.

2011 நவம்பரில் கதவை அடியோடு மூடினார்கள். 2014 ஜனவரியில்தான் திறந்தார்கள். 2017-ல் குலுக்கல் முறை வந்தது. 2019-ல் முந்தியவருக்கே இடம் என்றார்கள். அந்த ஆண்டு ஜனவரி 28-ந் தேதி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர்களில், விரல் வேகமாக ஓடியவர்களுக்கு மட்டும் இடம் கிடைத்தது. 27,000 இடமும் சில நிமிடங்களில் தீர்ந்துவிட்டன! கை நடுங்குகிறவர்களும், மெதுவாக டைப் அடிக்கிறவர்களும் என்ன பாவம் செய்தார்கள்?

மறுபடியும் குலுக்கலுக்கே போனார்கள். 2020 அக்டோபர் 13 முதல் நவம்பர் 3 வரை, "என் பெற்றோரை அழைக்க விரும்புகிறேன்" என்று ஒரு விருப்பப் படிவம் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பெயர்களைக் குலுக்கி, யாருக்கு விழுகிறதோ அவருக்கு அழைப்பு அனுப்பினார்கள். அழைப்புக் கிடைத்தவர்தான் உண்மையான மனுவைப் போடலாம்.

இனிமேல்தான் கவனிக்க வேண்டும். 2021-ல் குலுக்கியது இந்தப் பெயர்களை. 2022-ல் 23,100 அழைப்பு அனுப்பியதும் இந்தப் பெயர்களிலிருந்து. 2023-ல் 24,200. 2024-ல் 35,700. 2025-ல் 17,860. அத்தனையும் 2020-ல் வாங்கிய படிவங்களிலிருந்துதான்! அந்த மூன்று வாரத்தில் படிவம் போடாமல் விட்டவர்களுக்கும், அதற்குப் பிறகு கனடாவில் உரிமை பெற்றவர்களுக்கும் இந்த ஐந்து ஆண்டும் குலுக்கலில் கலந்துகொள்ளவே வழி இல்லை.

தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பத்தை மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். தம்பி 2003 மார்ச்சில் பிறந்தவன். அண்ணன் படிவம் போட்ட 2020 அக்டோபரில் அவனுக்கு வயது 17. பள்ளிக்கூடப் பையன். 2021 குலுக்கலில் பெயர் விழுந்திருந்தால் 18. 2022-ல் 19. 2023-ல் 20. 2024-ல் 21. இந்த நான்கு குலுக்கலில் எதில் விழுந்திருந்தாலும் தம்பியும் விமானம் ஏறியிருப்பான். ஐந்தாவது குலுக்கலில் விழுந்தது. அவன் பெயர் அடிபட்டுப் போயிற்று.

அந்தப் பையன் செய்த குற்றம் என்ன? வளர்ந்தான், அவ்வளவுதான்! அண்ணன் செய்த குற்றம் என்ன? ஒன்றும் இல்லை. சொன்ன தேதியில் படிவம் போட்டான், வருமானத்தைக் காட்டினான், காத்திருந்தான். தாமதம் சர்க்காருடையது. அதற்கான தண்டனை மட்டும் தம்பிக்கு.

மறைக்கலாமா?

இப்படிப்பட்ட நேரத்தில் வீட்டுக்கு வீடு ஒரு யோசனைக்காரர் முளைப்பார்.

"படிவத்தில் ஒரே பிள்ளை என்று எழுதிவிடு. தலை ஒன்று குறையும். வருமானக் கணக்கும் சுலபமாகும். அம்மா அப்பா முதலில் போகட்டும். பிறகு தம்பியைப் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்.

இதைக் கேட்டால் குடும்பம் கெட்டது!

22 வயது நிரம்பாத தம்பி, இப்போது கூடப் போகாவிட்டாலும் அவன் பெயரை மனுவில் எழுத வேண்டும். மருத்துவப் பரிசோதனைக்கும் அவன் போக வேண்டும். வருமானக் கணக்கில் அவன் தலையும் சேரும். எழுதாமல் விட்டால், பிற்காலத்தில் பெற்றோர் அவனைக் குடும்ப முறையில் அழைக்க முடியாது. அவன் குடும்பத்தில் இல்லை என்று பெற்றோரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். கல்லூரிப் படிப்பு முடியட்டும், பிறகு வருவான் என்று விட்டுவிட்டுப் போகும் பெற்றோரும் இதை நினைவில் வைக்க வேண்டும். பெயரை எழுதி, பரிசோதனை செய்து வைத்திருந்தால்தான் பிறகு அழைக்க வழி உண்டு. அந்தப் பிற்கால மனுவின்போதும் அவனுக்கு 22 நிரம்பியிருக்கக் கூடாது.

22 நிரம்பிய பிள்ளை கூடப் போக முடியாது. ஆனால் குடும்ப விவரம் எழுதும் தாளில் அவன் பெயரும் இருக்க வேண்டும். கல்யாணமாகிப் போன மகள் பெயரும் இருக்க வேண்டும். பொய் எழுதியது வெளிப்பட்டால் ஐந்து ஆண்டுக்கு அந்த நாட்டுப் பக்கமே தலைவைக்க முடியாது.

பிறந்த தேதி விஷயமும் இப்படித்தான். நம் பக்கத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, வயது கூடக் குறைய இருந்தால் தலைமையாசிரியரிடம் சொல்லி மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ ஒரு தேதியை எழுதிவிடுவார்கள். பிறப்புச் சான்றிதழ் ஒன்று சொல்லும். பள்ளிச் சான்றிதழ் வேறொன்று சொல்லும். வயதே பிரதானமாக இருக்கும் ஒரு மனுவில் இந்த இரண்டு தேதியும் எதிர் எதிராக நின்றால் என்ன ஆகும்? அழைப்பு வரும் வரையில் காத்திருக்காமல், முன்கூட்டியே தாள்களை எடுத்துப் பார்த்து, உண்மையான தேதிக்கு எல்லாவற்றையும் சரிசெய்து வைப்பது புத்திசாலித்தனம். உண்மையான தேதிக்கு! தேதியைத் திருத்திக் கொடுக்கிறேன் என்று பணம் கேட்கும் தரகரிடம் போனால், தம்பி மட்டும் அல்ல, அம்மா அப்பாவும் வீட்டிலேயே உட்கார வேண்டியதுதான்.

தங்கை இருக்கும் வீட்டில் இன்னொரு சங்கடம். பெண்ணுக்கு 20 வயது, மனுப் போட்டாகிவிட்டது, வயதும் பூட்டப்பட்டுவிட்டது. இந்த நேரத்தில் நல்ல வரன் வருகிறது. மாப்பிள்ளைக்கு உள்ளூரில் உத்தியோகம். என்ன செய்வது? வயது பூட்டப்படுகிறதே தவிர, கல்யாணம் பூட்டப்படுவதில்லை. விசா வருவதற்குள் தாலி ஏறிவிட்டால், அவள் பெற்றோரைச் சார்ந்தவள் அல்ல, மனுவிலிருந்து நீக்கப்படுவாள். காத்திருந்தாலோ, எத்தனை ஆண்டு என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. எந்த ஜோசியரும் பார்த்திராத பொருத்தம் இது! முடிவு எதுவானாலும், அந்தப் பெண்ணைக் கேட்டு எடுக்க வேண்டும். அவள் வாழ்க்கையைப் பற்றி, அவள் இல்லாத இடத்தில் அண்ணனும் அப்பாவும் போனிலேயே பேசி முடிப்பது முறையல்ல.

வேறு வழி உண்டா?

அண்ணனே தம்பியை நேராக ஸ்பான்சர் செய்ய முடியாதா? பெரும்பாலும் முடியாது. தாய் தந்தை இருவரையும் இழந்த, 18 வயது நிரம்பாத, திருமணமாகாத தம்பி தங்கைக்கு மட்டும் அந்த வழி உண்டு. தாய் தகப்பன் உயிரோடு இருப்பவனுக்கு அது கிடையாது. அழைப்பவருக்குக் கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோர் என்று யாருமே இல்லாதபோது ஒரு சொந்தக்காரரை அழைக்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது. இந்தக் குடும்பத்துக்கு அது பொருந்தாது.

பெற்றோர் நிரந்தரமாகப் போகாமல், 'சூப்பர் விசா'வில் போய் வரலாம். 2011 டிசம்பரில் வந்த ஏற்பாடு இது. 2022 ஜூலை முதல், ஒரு தடவை போனால் ஐந்து ஆண்டு வரையில் தங்கலாம். குறைந்தது ஒரு லட்சம் டாலருக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும். இதிலும் தம்பியைச் சேர்க்க இயலாது. ஆனால் அம்மா ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று இருந்துகொள்ள முடியும். கடைசிப் பிள்ளை ஒரு நிலைக்கு வரும் வரையில் பல வீடுகளுக்கு இதுவே போதும்.

தம்பி தன் படிப்பையும் வேலை அனுபவத்தையும் காட்டித் தனியாக மனுப் போடலாம். மொத்தம் 1,200 மதிப்பெண் கொண்ட ஒரு கணக்கு அது. அண்ணனோ அக்காளோ கனடாவில் உரிமை பெற்று வசித்தால், அதற்கென்று 15 மதிப்பெண் 2017-ல் சேர்த்தார்கள். ஆயிரத்து இருநூறில் பதினைந்து! உடன்பிறப்புக்குச் சட்டம் போட்டிருக்கும் விலை அதுதான். இருந்தாலும் வேண்டாம் என்று தள்ளக் கூடாது. ஓரிரு மதிப்பெண்ணில் வாய்ப்பு நழுவுகிறவர்கள் உண்டு.

பக்கத்து நாடான அமெரிக்காவில் நிலைமை இதைவிடக் கடுமை. அங்கே 21 வயது நிரம்பிய குடிமகன் தன் பெற்றோரைக் குலுக்கல் இல்லாமல் அழைக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த மனுவில் தம்பி தங்கைக்கு இடமே கிடையாது. பத்து வயதுக் குழந்தையாக இருந்தாலும் சரி! பெற்றோர் முதலில் போய், உரிமை பெற்று, பிறகு அந்தக் குழந்தைக்கு வேறு மனுப் போட வேண்டும். அதுவரையில் குழந்தை பாட்டி வீட்டில். பெற்றோரில் ஒருவர் மட்டும் முதலில் போவதும், மற்றவர் பின்தங்குவதும் இதனால்தான்.

முதல் நாளே கணக்கு

கனடா சர்க்காரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 22 வயதுப் பையன் சிறு குழந்தை அல்ல. தன் தகுதியைக் காட்டி வரட்டும் என்று அவர்கள் நினைப்பதில் தவறு இல்லை. எங்காவது ஒரு கோடு கிழித்துத்தான் ஆக வேண்டும். எங்கே கிழித்தாலும் ஒரு நாள் பிந்தியவன் வெளியே நிற்பான். இடமும் எல்லாருக்கும் போதாது. முதியவர்களின் வைத்தியச் செலவு அந்நாட்டு மக்களின் வரிப் பணத்திலிருந்து போகிறது. குலுக்கலையே எடுத்துவிடுங்கள் என்று கேட்பதில் பயன் இல்லை.

கேட்பது அது அல்ல. வயதுக் கோடு இருக்கட்டும், குலுக்கலும் இருக்கட்டும். ஆனால் பிள்ளையின் வயதை, அண்ணனோ அக்காளோ முதன்முதலாக விருப்பப் படிவம் போட்ட நாளில் பூட்ட வேண்டும்.

இது புதிய யோசனையும் அல்ல. கனடாவின் சட்டத்திலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. ஒரு மாகாண சர்க்கார் தேர்ந்தெடுத்து அழைக்கும் தொழிலாளியின் பிள்ளைக்கு, அவர் மாகாணத்திடம் முதலில் மனுப் போட்ட நாளின் வயதுதான் கணக்கு. அடைக்கலம் தேடி வருகிறவரின் பிள்ளைக்கு, அவர் அடைக்கலம் கேட்ட நாளின் வயது கணக்கு. முதல் படியில் கால் வைத்த நாளை அங்கே மதிக்கிறார்கள். பெற்றோரை அழைப்பவருக்கு மட்டும், ஐந்தாவது ஆண்டில் எட்டிய கடைசிப் படியைப் பார்க்கிறார்கள்.

அமெரிக்காவும், தன் சட்டம் எவ்வளவு கடுமையானாலும், 2002-ல் ஒரு காரியம் செய்தது. அதிகாரிகளின் மேஜையில் மனு கிடந்த காலத்தைப் பிள்ளையின் வயதிலிருந்து சில வகை மனுக்களில் கழித்துவிட வேண்டும் என்று சட்டம் போட்டது. சர்க்காரின் தாமதத்துக்குப் பிள்ளை பொறுப்பல்ல என்பதை அந்த நாடு அன்றே ஒப்புக்கொண்டது.

இந்த வலி தமிழர்களுக்கு மட்டும் உரியது அல்ல. பஞ்சாபிலும், பிலிப்பைன்ஸ் நாட்டிலும் இதே போல் தாய்மார்கள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் தமிழர்களுக்குக் கனடா விஷயத்தில் அக்கறை கொஞ்சம் கூடுதல். 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் ஏராளம். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் தமிழ்ப் பெயர்ப் பலகையைத் தேட வேண்டியதில்லை. அண்ணன் ஒரு தேசம், அக்காள் ஒரு தேசம், தாயார் யாழ்ப்பாணம் என்று சிதறிய குடும்பங்கள் அவை. ஒரு பிள்ளை வெளியே நிற்க மற்றவர்கள் உள்ளே போவது என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். இப்போது அங்கே அவர்களுக்கு ஓட்டு இருக்கிறது. பாராளுமன்றத்துக்கே தமிழர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார்கள். இதைக் கேட்கக்கூடிய குரல் அங்கேதான் இருக்கிறது.

தஞ்சாவூர் வீட்டில் 60 நாள் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. "நான் பிறகு போகிறேன், நீங்கள் மட்டும் முதலில் போய் வாருங்கள்" என்று கணவரிடம் ஒரு நாள் சொன்னார். மறு நாள், யாருமே போக வேண்டாம் என்றார்.

கடைசியில் பேசியவன் தம்பிதான். "மனுவைப் போடு அண்ணா. என்னை நான் பார்த்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகமாகிவிட்டது. அங்கே நீ பக்கத்தில் இருந்தால் எனக்கு நிம்மதி" என்றான்.

அண்ணன் மனுவைப் போட்டான். குடும்ப விவரத் தாளில் தம்பியின் பெயரையும், பிறந்த தேதியையும், 'உடன் வரவில்லை' என்பதையும் எழுதினான். பெட்டியிலிருந்து ஒரு பழைய தாளையும் எடுத்துப் பார்த்தான். 2020-ல் விருப்பப் படிவம் போட்டதற்குச் சர்க்கார் கொடுத்த அத்தாட்சி அது. அதில் எண் இருக்கிறது. தேதியும் இருக்கிறது. அந்தத் தேதியில் தம்பிக்கு வயது 17.